பெட்ராவின் மலையிடுக்கும் நபாத்தியர் அணையும்



பாலைவனம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் பிள்ளைகளின் மனத்தில் எழுவது மணற்குன்றும் ஒட்டகமும் பேரீச்ச மரமுந்தான். அங்கே போகிறவனுக்கு எதனால் ஆபத்து வரும் என்று என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கேட்டேன். "தாகத்தால், சார்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லியது. வெள்ளத்தாலும் வரும் என்றேன். பின்வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. யோர்தான் நாட்டின் தென்பகுதியிலே பெட்ரா என்னும் பழைய நகரத்தின் வாயிலில் நிற்கும்வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

ஓர் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில், கோலாலம்பூரிலிருந்து புறப்பட்ட சுற்றுலாக் குழுவொன்றில் சேர்ந்து அங்கே சென்றேன். பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அதற்குச் செலவாயிற்று. தலைநகராகிய அம்மானிலிருந்து தெற்கே பேருந்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம். வாடி மூசா என்ற சிற்றூரில் இறங்கினோம். வாடி என்றால் அரபு மொழியில் ஆற்றுப் பள்ளத்தாக்கு என்று பொருள். ஆண்டில் பெரும்பகுதி நாட்களில் அதில் தண்ணீர் இருக்காது. கல்லும் சரளையுமாகக் கிடக்கும்.

அந்த ஊரிலிருந்து பழைய நகரத்துக்குள் நுழைய ஒரு மலையிடுக்கின் வழியாக நடக்க வேண்டும். அதற்கு ஸீக் என்று பெயர். ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளம். சில இடங்களில் மூன்று மீட்டர் அகலமே இருக்கும். இருபுறமும் செந்நிற மணற்பாறைச் சுவர், எண்பது மீட்டரும் அதற்கு மேலும் செங்குத்தாக உயர்ந்து நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு நாடாவைப் போலத் தெரியும். சில வளைவுகளில் அந்த நாடாவும் மறைந்துவிடும்.

இத்தகைய இடுக்குகளில் பெரும்பாலானவை ஓடும் நீர் அரித்து உண்டானவை. ஸீக் அப்படியன்று. பூமியின் அசைவினால் மலையே இரண்டாகப் பிளந்து உண்டானது. ஒரு பக்கச் சுவரில் காணும் வரிகள் எதிர்ப்பக்கச் சுவரில் தொடர்வதைப் பல இடங்களில் பார்க்கலாம். மலை பிளந்த பின்னரே வாடி மூசாவின் வெள்ளம் அதற்குள் புகுந்து, கூரிய பாறை முனைகளை வழுவழுப்பாகத் தேய்த்தது. வழியைத் திறந்தது நிலம், அதை இழைத்தது நீர்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் அவ்வூர்க்காரர். ஐம்பது வயதிருக்கும். நான் ஆசிரியர் என்று தெரிந்ததும் என்னை "உஸ்தாத்" என்றே அழைத்தார். குழுவில் இருந்தவர்கள் எல்லாம் இடுக்குக்குள் ஓடிப் படம் எடுக்க ஆவலாக இருந்தார்கள். அவரோ நுழைவாயிலிலேயே எங்களை நிறுத்திவிட்டார். "முதலில் இதைப் பாருங்கள்" என்று வலப்பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு கல்லணை இருந்தது. மலேசிய அணைகளைப் பார்த்தவர்களுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தோன்றாது. வாடி மூசாவின் வெள்ளம் ஸீக்குக்குள் நுழையாதபடி அது குறுக்கே நிற்கிறது. அணைக்கு அப்பால் மலையைக் குடைந்து ஒரு சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள். வரும் வெள்ளம் சுரங்கத்தில் புகுந்து, வேறொரு பள்ளத்தாக்கு வழியாக மலையைச் சுற்றிக்கொண்டு நகரத்தின் மறுபுறம் போய்ச் சேர்ந்துவிடும்.

"இதைக் கட்டியது யார்?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். "முதலில் கட்டியவர்கள் நபாத்தியர். மறுபடியும் கட்டியது 1964இல்" என்றார் வழிகாட்டி. இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதுதான் இன்றைய உரை.

நபாத்தியர் என்போர் அரபு இனத்து மக்கள். தொடக்கத்தில் ஒட்டகமும் ஆடும் மேய்த்துக் கூடாரத்தில் வாழ்ந்தவர்கள். பின்னர் வணிகத்தில் இறங்கினார்கள். தென் அரேபியாவிலிருந்து வந்த நறுமணப் பிசின்களே அவர்களுடைய முதன்மைச் சரக்கு. இந்தப் பிசின் எப்படிக் கிடைக்கிறது தெரியுமா? மரப்பட்டையைக் கத்தியால் சீவிவிடுவார்கள். பால் போல வடிந்து, காற்றுப் பட்டு இறுகும். பிறகு சுரண்டி எடுப்பார்கள். பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்த எனக்கு இதைப் படித்தபோது அந்த மக்கள்மேல் ஓர் உறவு உண்டாயிற்று. கிரேக்க, ரோமானியக் கோயில்களில் புகைந்த அந்தப் பிசினை ஒட்டகத்தின் மேலேற்றி, பாலைவனத்தைக் கடந்து மத்தியதரைக் கடற்கரை வரை கொண்டு சேர்த்தவர்கள் நபாத்தியர். செங்கடல் வழியாக வந்த இந்தியச் சரக்குகளிலும் அவர்களுக்குப் பங்கிருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழி நூல், சேர நாட்டு முசிறியைப் பற்றிச் சொல்கிறது. அதே நூல்தான் செங்கடல் துறைமுகம் ஒன்றிலிருந்து பெட்ராவுக்குச் செல்லும் வழியையும் குறிப்பிடுகிறது.

பாலைவனத்தில் வணிகம் செய்கிறவனுக்குச் சரக்கைவிடத் தண்ணீர் முக்கியம். டியோடோரஸ் என்ற வரலாற்றாசிரியர் நபாத்தியர்களைப் பற்றி வியப்பான செய்தி ஒன்றை எழுதியிருக்கிறார். அவர்கள் நிலத்துக்கடியில் நீர்த்தொட்டிகள் தோண்டுவார்களாம். வாய் மிகச் சிறியதாக இருக்கும். உள்ளே போகப் போக அகன்றுகொண்டே போகும். உட்புறம் சுண்ணம் பூசி, மழைநீரை நிரப்பி, வாயை மூடிவிடுவார்கள். அடையாளம் அவர்களுக்கு மட்டுமே தெரியும். பகைவன் துரத்திவந்தால் பாலைவனத்துக்குள் போய்விடுவார்கள். பின்னால் வருகிறவன் தண்ணீரில்லாமல் திரும்ப வேண்டியதுதான்.

கி.மு. 312இல் அலெக்சாந்தரின் தளபதிகளுள் ஒருவரான அந்திகோனஸ் இவர்கள்மேல் நாலாயிரம் காலாட்படையினரையும் அறுநூறு குதிரை வீரர்களையும் ஏவினார். ஆண்கள் சந்தைக்குப் போயிருந்த நேரம். பெண்டிர், முதியோர், பிள்ளைகள் இருந்த ஒரு பாறைக் கோட்டையைப் படை கொள்ளையிட்டது. அந்தப் பாறை பெட்ராதானா, பக்கத்து மலையா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. செய்தி எட்டியவுடன் நபாத்தியர் விரைந்து வந்து, களைத்து உறங்கிய படையை இரவிலே தாக்கினார்கள். தப்பியவர்கள் குதிரை வீரருள் ஐம்பது பேர் மட்டுமே என்று டியோடோரஸ் எழுதுகிறார்.

அவர் காட்டும் நபாத்தியர் வீடு கட்டாதவர்கள், பயிரிடாதவர்கள். சுமார் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் ஸ்திராபோ என்ற புவியியல் ஆசிரியர் காட்டும் நபாத்தியர் வேறு. நகரத்தில் கல் வீடுகள், ஊற்றுகள், தோட்டங்கள். வெளிநாட்டார் பலர் அங்கே குடியிருந்தார்கள் என்றும், அவர்கள்தாம் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டார்கள், நபாத்தியர் தங்களுக்குள் வழக்காடுவதில்லை என்றும் எழுதுகிறார். இதை வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இப்போது நாங்களும் நன்றாக வழக்காடக் கற்றுக்கொண்டோம், உஸ்தாத்" என்றார்.

தண்ணீரை ஒளித்துவைக்கத் தெரிந்த மக்கள், அதை நடத்திச் செல்லவும் கற்றுக்கொண்டார்கள். ஸீக்குக்குள் நடக்கும்போது இருபக்கச் சுவர்களையும் கவனிக்க வேண்டும். ஒரு பக்கத்தில் பாறையிலேயே கால்வாய் வெட்டியிருக்கிறது. மறுபக்கத்தில் சுட்ட மண்குழாய்களை ஒன்றோடொன்று செருகிப் பதித்திருக்கிறார்கள். மூசாவின் ஊற்று என்று இன்று அழைக்கப்படும் இடத்திலிருந்து குடிநீர் இப்படி நகரத்துக்குப் போயிற்று. சரிவு மிக மெல்லியது. அதிகச் சரிவு வைத்தால் நீரின் வேகம் குழாயை உடைத்துவிடும். குறைவாக வைத்தால் வண்டல் அடைத்துக்கொள்ளும். நம் தோட்டங்களில் கான் வெட்டிய பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆக, ஒரே இடுக்கில் இரண்டு வேலை செய்தார்கள். குடிக்கிற தண்ணீரைச் சுவரோரமாக உள்ளே அழைத்தார்கள். கொல்லுகிற தண்ணீரை வாயிலிலேயே மறித்து வேறு வழியில் அனுப்பினார்கள்.

பாதி வழியில் ஒரு பாறைச்சுவரில் ஒட்டகங்களும் அவற்றை நடத்திவரும் மனிதரும் செதுக்கப்பட்டிருக்கக் காணலாம். மேற்பகுதி காற்றிலும் நீரிலும் தேய்ந்துவிட்டது. கால்கள் மட்டும் தெளிவாக இருக்கின்றன. அதற்குக் காரணம் உண்டு. பல நூற்றாண்டுகள் வெள்ளம் கொண்டுவந்த மண்ணும் சரளையும் அந்தக் கால்களை மூடிக் காத்திருந்தன. 1990களில் ஸீக்கின் தரையிலிருந்து அந்த மண்ணை அகற்றியபோதுதான் பழைய கல்பாவிய பாதையும் ஒட்டகக் கால்களும் வெளிப்பட்டன. நீர்க்கால்வாய் ஒட்டகங்களின் பின்னால் நுழைந்து அப்பால் வெளிவருகிறது. சிற்பியும் கால்வாய் வெட்டியவனும் பேசிவைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள்.

இடுக்கு முடியுமிடத்தில், இருண்ட பிளவின் வழியாகத் திடீரென்று ஒரு மாளிகை முகப்பு தெரிகிறது. ஒரே பாறையில் குடைந்தது. ஏறத்தாழ நாற்பது மீட்டர் உயரம். அல் கஸ்னா, அதாவது கருவூலம் என்பது மக்கள் இட்ட பெயர். உச்சியில் உள்ள கல் கலயத்துக்குள் புதையல் இருப்பதாக நம்பித் துப்பாக்கியால் சுட்டிருக்கிறார்கள். கலயமோ உள்ளே வெற்றிடமில்லாத கல். உண்மையில் இது அரச குடும்பத்தினர்க்கான நினைவுமண்டபம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகலாம். இதன் முற்றத்துக்கு அடியில் 2003இல் கல்லறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. 2024இல் மற்றொரு கல்லறையிலிருந்து பன்னிரண்டு பேரின் எலும்புகள் கிடைத்தன. இவை எல்லாம் இன்றைய தரைக்குச் சில மீட்டர் கீழே இருந்தன. அணை கைவிடப்பட்ட பின் வெள்ளம் எவ்வளவு மண்ணைச் சுமந்து வந்திருக்கிறது என்பதற்கு இதுவே அளவுகோல்.

கி.பி. 106இல் ரோமப் பேரரசர் திராஜன் நபாத்திய அரசைத் தம் பேரரசோடு இணைத்துக்கொண்டார். வணிகம் மெல்ல மெல்லக் கடல்வழிக்கும் வடக்கே பால்மீரா வழிக்கும் மாறியது. கி.பி. 363இல் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டு நகரத்தின் பெரும்பகுதி இடிந்தது. அதன்பின்னும் மக்கள் சில நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். ஆனால் அணையைச் செப்பனிடவும் கால்வாயில் மண் எடுக்கவும் ஆட்களை வைக்கக்கூடிய அரசு அங்கே இல்லாமற்போயிற்று. கான் வெட்டுவது ஒரு முறை செய்து முடிக்கும் வேலையன்று. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் மறுபடி செய்ய வேண்டும். செய்கிறவன் போனால் கானும் போகும்.

பெட்ராவை ஐரோப்பியர் மறந்தே போனார்கள். அவ்விடத்து நாடோடி மக்கள் மறக்கவில்லை. அவர்கள் குகைகளில் குடியிருந்து ஆடு மேய்த்தார்கள். "கண்டுபிடித்தார்" என்று பாடநூல்கள் எழுதும்போது இதை நினைவிற்கொள்ள வேண்டும். 1812 ஆகஸ்டு 22ஆம் நாள் யோகான் லுத்விக் பர்க்கார்ட் என்ற சுவிட்சர்லாந்து இளைஞர் இந்த ஸீக் வழியாக உள்ளே சென்றார். ஷேக் இப்ராகிம் என்று பெயர் வைத்துக்கொண்டு அரபு உடையில் பயணம் செய்தவர். ஆரோன் நபியின் கல்லறையில் ஆடு பலியிடுவதாக நேர்ந்துகொண்டேன் என்று சொல்லி, வாடி மூசாவில் ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டார். கூலி என்ன தெரியுமா? பழைய குதிரை லாடம் இரண்டு. வழிகாட்டி ஆட்டைச் சுமந்தார். பர்க்கார்டிடம் ஒரு தோற்பை தண்ணீரைச் சுமக்கக் கொடுத்தார். கீழே பள்ளத்தாக்கில் தண்ணீர் கிடைக்காது என்பது வழிகாட்டிக்குத் தெரியும்.

பர்க்கார்ட் கட்டடங்களுக்குள் நுழைந்து நுழைந்து பார்த்ததும் வழிகாட்டிக்கு ஐயம் பிறந்தது. நீ புதையல் தேடி வந்த வேற்று மதத்தான், எங்கள் நாட்டிலிருந்து ஒரு காசும் கொண்டுபோக விடமாட்டோம் என்று கண்டித்தார். பர்க்கார்ட் அதற்குமேல் பார்க்கத் துணியவில்லை. மாலையில் ஆட்டைப் பலியிட்டுவிட்டுத் திரும்பினார். 1817இல் கைரோவில், 32 வயதில் இறந்துபோனார். அவருடைய பயண நூல் 1822இல்தான் அச்சாயிற்று. அவர் பெயரை உலகம் அறியும். லாடம் வாங்கிக்கொண்டு வழிகாட்டியவர் பெயரை அவர்கூட எழுதிவைக்கவில்லை.

அதன்பின் ஓவியர்களும் யாத்திரிகர்களும், பிற்காலத்தில் சுற்றுலாக் குழுவினரும் வந்தார்கள். ஸீக்கின் அழகையும் கருவூலத்தையும் பார்த்துச் சென்றார்கள். வாயிலில் சிதைந்து கிடந்த அணையைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் குறைவு.

1963 ஏப்ரல் மாதத்தில் பிரான்சு நாட்டிலிருந்து ஒரு யாத்திரைக் குழு வந்தது. ழான் ஸ்டைன்மான் என்ற பாதிரியார் உடன் வந்திருந்தார். விவிலிய ஆய்வு நூல்கள் பல எழுதியவர். அவர்கள் ஸீக்குக்குள் இருந்தபோது வெள்ளம் புகுந்துவிட்டது. எண்பது மீட்டர்ச் சுவர்மேல் யார் ஏற முடியும்? பாதிரியாரையும் சேர்த்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டு, நபாத்தியர் போட்ட அடித்தளத்தின்மேல் அணை மறுபடியும் எழுப்பப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு செய்து வைத்திருந்த வேலையை மறுபடி செய்ய, இத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்தது.

பாலைவனத்தில் இவ்வளவு நீர் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். மறுநடவுக்காக மரங்களைத் தள்ளிய குன்றின்மேல் ஒரு நல்ல மழை பெய்தால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். வேரும் இலையும் தழையும் இல்லாத மண்ணில் நீர் நிற்காது. செந்நீராக லயத்து வாசல்வரை ஓடிவரும். பாலைவன மலைகள் எப்போதுமே அப்படி மொட்டையானவை. பாறை நீரைக் குடிக்காது. மலையின் நாற்புறமும் விழுந்த மழை முழுவதும் சிற்றோடைகளில் கூடி, கடைசியில் மூன்று மீட்டர் அகலமுள்ள ஓர் இடுக்கில் நுழைய வேண்டும் என்றால், அது எவ்வளவு உயரத்துக்கு எழும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மழை நம் தலைக்குமேல் பெய்ய வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், நவஹோ மக்களின் நிலத்தில் ஆன்டிலோப் இடுக்கு என்று ஒன்றிருக்கிறது. 1997 ஆகஸ்டு 12ஆம் நாள் அங்கே பதினொரு சுற்றுப்பயணிகள் வெள்ளத்தில் மாண்டனர். அந்த வெள்ளத்தைத் தந்த மழை பல கிலோமீட்டர் தொலைவில் பெய்தது. இன்று அந்த இடுக்குக்குள் வழிகாட்டி இல்லாமல் எவரும் போக முடியாது.

இதை வழிகாட்டி எங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது நான் அங்கே இல்லை என்றே சொல்லலாம். என் மனம் பேராக் மாநிலத்து அருவி ஒன்றுக்குப் போய்விட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. தோட்டத்துப் பிள்ளைகள் முப்பது பேரைச் சுற்றுலா அழைத்துப் போயிருந்தோம். நல்ல வெயில். பிள்ளைகள் இடுப்பளவு நீரில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கரையில் வாழைப்பழப் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, "சிக்கு, பிள்ளைகளை உடனே மேலே ஏற்றுங்கள்" என்றார். ஏன் என்றேன். நீரில் இலைச் சருகு அதிகமாக வருகிறது, நிறமும் மாறுகிறது, மலையிலே மழை என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் பெரியவர் பேச்சைத் தட்டக்கூடாதென்று விசிலை ஊதினேன். கடைசிப் பையன் கரையேறிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது நீர் இரைந்துகொண்டு வந்தது. அவர்கள் நின்ற பாறை கண்ணுக்குத் தெரியவில்லை. மலாய் மொழியில் இதைக் கெப்பாலா ஆயர் என்கிறார்கள். நீரின் தலை என்று பொருள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சுற்றுலாவுக்கான பாரங்கள் நிரப்பக் கற்றுத்தந்தார்கள். சருகைப் பார்க்கக் கற்றுத்தந்தது அந்தப் பெரியவர்தான்.

2018 அக்டோபர் 25ஆம் நாள் யோர்தானில், சாக்கடல் அருகே ஒரு பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்தது. இருபது பேருக்கு மேல் இறந்தனர். பெரும்பாலோர் ஆசிரியர்களோடு சுற்றுலா வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள். இதை வழிகாட்டி சொன்னபோது நான் அவரிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வாரங்கள் கழித்து, நவம்பர் 9ஆம் நாள் மீண்டும் பெருமழை. நாட்டின் பல பகுதிகளில் உயிர்ச்சேதம். பெட்ராவுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுப்பயணிகள் அன்று அங்கிருந்து பத்திரமாக வெளியேற்றப்பட்டார்கள். அன்று அவர் குழுவொன்றை அழைத்துக்கொண்டு உள்ளே இருந்தாராம். "ஸீக் வழியாக ஓடுவதா, மேட்டில் ஏறி நிற்பதா என்பதை ஒரு நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டும். நாங்கள் ஏறி நின்றோம். என் தந்தை அப்படித்தான் சொல்லியிருந்தார்" என்றார். அவருடைய தந்தை ஆடு மேய்த்தவர்.

குகைகளில் வாழ்ந்த ப்தூல் இனத்து மக்களை, பெட்ரா உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட 1985ஆம் ஆண்டை ஒட்டி, அருகே உம் சைஹூன் என்ற புதுக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். வீடும் பள்ளிக்கூடமும் மின்சாரமும் கிடைத்தன. அவர்களுள் சிலர் இன்றும் பகலில் பெட்ராவுக்கு வந்து தேநீரும் மணிமாலையும் விற்கிறார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடிக்குக் குடிபோன நம்மவர்களிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். வசதி கூடிற்று என்பார்கள், அடுத்த மூச்சிலே பழைய இடத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். தேநீர் விற்ற ஒரு மூதாட்டியின் பேச்சும் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

மாலையில் திரும்பி நடந்து வந்தோம். முன்பு குதிரை வண்டிகள் ஓடிய அந்தப் பாதையில் இப்போது மின்கலத்தால் ஓடும் சிறு வண்டிகள் முதியவர்களை ஏற்றிச் செல்கின்றன. எங்கள் குழுவினர் அவற்றில் ஏறிக்கொண்டார்கள். நான் வழிகாட்டியோடு நடந்தேன். அணைக்கு வந்ததும் சுரங்கத்தின் வாயில்வரை கூட்டிச்சென்று காட்டினார். உள்ளே இருட்டு, காய்ந்த சரளை. என் தோளுக்கு மேலான உயரத்தில் ஒரு பாறை வெடிப்பில் முட்செடிச் சருகு கற்றையாகச் சிக்கியிருந்தது. சென்ற மழைக்காலத்து வெள்ளம் வைத்துவிட்டுப் போனது என்றார். காலையில் வேலைக்கு வரும்போது முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். ஊருக்குக் கிழக்கே நிற்கும் ஷரா மலைத்தொடரைக் காட்டினார். அன்று அதன்மேல் மேகம் இல்லை.